புகார் சொல்ல வேண்டிய ஆள்

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் காந்தி ஜெயந்தி அன்று அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. பொது இடங்களில், பாரையும் சேர்த்துத்தான், யாரும் புகை பிடிக்கக் கூடாது. மீறினால் இருநூறு ரூபாய் அபராதம். காந்தி ஜெயந்திக்கு மதுக்கடைக்கே விடுமுறை. அதனால் திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற ரோட்டில் சுருளிவேல் ஏலத்தில் எடுத்து நடத்திவந்த பாரில் அன்று ஒரு பீடிகூடப் புகையவில்லை. எந்தத் தகராறும் இல்லாமல் சட்டம் அங்கே ஜெயித்த நாள் அது ஒன்றுதான். மறுநாள் கடையைத் திறந்துவிட்டார்கள்.

பெலிக்ஸ் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருந்தவர். குடிக்கிற இடத்தில் பிழைத்துக்கொண்டே இப்படி ஒரு சட்டம் வராதா என்று ஏங்கிய ஆள் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பாரின் மேற்பார்வையாளர். பதவியின் பெயர்தான் பெரிது. மேசைக்கு மேசை போய் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதும், சண்டை வந்தால் நடுவில் போய் நின்று இரண்டு பக்கத்து வசவையும் வாங்கிக்கொள்வதும்தான் வேலை. தனியார் ஒயின்ஷாப் காலத்திலிருந்து பதினாறு வருடமாக இதையே செய்துவந்தார். கடை அரசாங்கத்துக்குப் போன பிறகு பார் மட்டும் ஏலத்துக்கு வந்தது, சுருளிவேல் எடுத்தார், நாற்காலி மேசைகளோடு சேர்ந்து பெலிக்ஸும் அங்கேயே தங்கிவிட்டார்.

நீளமான கூடம். மேலே ஆஸ்பெஸ்டாஸ். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று இரண்டு ஜன்னலையும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மின்விசிறிகள் புகையை வெளியே தள்ளுவதில்லை. ஒரு மேசைப் புகையை எடுத்து அடுத்த மேசைக்குப் பரிமாறும். பொழுது சாய்ந்துவிட்டால் கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று வாசலில் இருந்து பார்த்தால் தெரியாது. இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெலிக்ஸுக்கு ஒரு வருடமாக மூச்சு சரியில்லை. மனைவி அமலராணி கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?" என்று கேட்டார்.

"நான் தொட்டதே இல்ல சார்."

"இங்க வந்து பொய் சொல்லாதீங்க."

"நெசமாத்தான் சார். குடிக்கிறவங்க பக்கத்துல நிக்கிற வேலை."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். போனது போனதுதான், திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் புகைக்குள் நிற்கக் கூடாது, வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உறிஞ்சுகிற மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். வேறு வேலை பார்ப்பதை டாக்டர்கள் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்கிற மாதிரி சொல்லிவிடுகிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில், எட்டாவதோடு நின்ற ஒருவருக்கு, அந்த வேலையை எந்தக் கடையில் வாங்குவது என்று யாரும் எழுதித் தருவதில்லை.

பாரில் அவர் இதை மூச்சுவிடவில்லை. முன்பு ஒரு சப்ளையருக்கு இருமல் வந்து இரண்டு வாரம் நிற்காமல் போனபோது, "இருமுறவன் கையால யாருய்யா வாங்கித் திம்பா?" என்று சுருளிவேல் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அதனால் இருமல் வந்தால் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் இருமுவார். மருந்துக் குப்பியைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார். மகள் நான்சி ஆசிரியர் பயிற்சி முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதுவரை வேலையும் போகக் கூடாது, மூச்சும் போகக் கூடாது. அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

இப்படி இருக்கும்போது அரசாங்கமே வந்து புகை கூடாது என்று சொன்னால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வாசலில் பலகை வைக்க வேண்டும் என்று உத்தரவு. சுருளிவேல் பெயிண்டரை வரவழைத்தார். யாராவது மீறினால் யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரும் அதில் எழுத வேண்டுமாம். "எம் பேரப் போட்டா வர்ற போறவன் எல்லாம் என்னையப் புடிப்பான். பெலிக்ஸ் பேரப் போடுப்பா" என்று சுருளிவேல் அதை அவர் தலையில் கட்டிவிட்டார். அந்த பாரில் புகையைப் பற்றிப் புகார் இருந்த ஒரே மனுசர் பெலிக்ஸ்தான். அவர் யாரிடம் போய்ச் சொல்வது? பலகையைப் படித்தால் பெலிக்ஸிடம் சொல்லச் சொல்லியிருந்தது.

ஆனால் முதல் வாரம் நன்றாகவே போனது. புதுச் சட்டம் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு வாரத்துக்குப் பயம் இருக்கும். பீடியை எடுப்பார்கள், பெலிக்ஸ் பலகையைக் காட்டுவார், முணுமுணுத்துக்கொண்டே கேட் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தவரின் முகம் தெரிந்தது. சுவரின் நிறம் பச்சை என்பது தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அமலராணி சோற்றுக்கு வைத்த கத்தரிக்காய் வெஞ்சனத்தின் வாசம் வீட்டு வாசலிலேயே வந்தது. அது வந்தது என்று அவளிடம் சொன்னபோது பெலிக்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதைக் கெடுத்ததும் அவரேதான்.

கல்லாவுக்கு மேலே கருப்பசாமி படம் ஒன்று மாட்டியிருந்தது. சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட பழனியம்மாள் கன்னிவாடிப் பக்கத்துக்காரி. கருப்பன் அவளுக்குக் குலசாமி. தினமும் கடை திறந்ததும் படத்துக்கு முன்னால் ஒரு சுருட்டைப் பற்ற வைத்து நிறுத்துவாள். கருப்பனுக்குச் சுருட்டு இல்லாமல் எந்தப் படையலும் கிடையாது. ஒருநாள் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் அதைக் காட்டி, "எங்களுக்குத்தான் சட்டமா? சாமிக்குக் கெடையாதா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கூடமே திரும்பிப் பெலிக்ஸைப் பார்த்தது.

பெலிக்ஸ் கழுத்தில் சிலுவை தொங்குகிறது. வேதக்காரன் ஒருவன் கருப்பனின் சுருட்டை அணைத்தான் என்று பேச்சு வந்தால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். பதினாறு வருடத்தில் அவர் அந்தப் படத்தின் மேல் தூசி தட்டக்கூடக் கை வைத்ததில்லை. அவசர அவசரமாக, "சாமிக்குப் பத்த வைக்கிறது வேற. அத யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மூலை மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அழகர். பூ மார்க்கெட் தரகர். மதியம் வியாபாரம் முடிந்தால் அவருக்குப் போக்கிடம் அந்த மேசைதான். மறுநாள் வந்தார், சுருட்டைப் பற்ற வைத்தார், படத்தைப் பார்த்து மூன்று தரம் சுற்றிக் காட்டினார், தட்டின் விளிம்பில் செத்த நேரம் வைத்தார். பிறகு எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, என்ன இது?" என்றார் பெலிக்ஸ்.

"கருப்பனுக்குத்தான் பத்த வச்சேன் அப்பு. அவரு குடிச்சிட்டாரு. மிச்சத்தத் தூரப் போட்டா சாமி குத்தமாயிராது?"

இரண்டே நாளில் எல்லாரும் பக்திமான்களாகிவிட்டார்கள். பீடி, சிகரெட் என்ற பேதம் இல்லாமல் கருப்பனுக்குக் காட்டப்பட்டது. கேட்டால், "நம்ம பெலிக்ஸே சொல்லிட்டாருல்ல" என்றார்கள். "கருப்பன் என்னைக்குடா பில்டர் சிகரெட் குடிச்சாரு?" என்று பழனியம்மாள் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து கத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசி மேசை மறுபடியும் புகைக்குள் போய்விட்டது.

சுகாதார ஆய்வாளர் இளஞ்செழியன் ஒருநாள் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். சின்ன வயசு. கூடத்துக்குள் வந்ததுமே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முதல் மேசையில் "இது யாருது?" என்று கேட்டார். கருப்பனுக்கு என்றார்கள். அடுத்த மேசையிலும் கருப்பனுக்கு. மூலையில் அழகர், சந்தேகம் இருந்தால் சாமியையே கேட்டுக்கொள்ளும்படி சொன்னார்.

"சாமிக்கு எப்படிய்யா அபராதம் எழுதுறது?" என்று இளஞ்செழியன் பெலிக்ஸைப் பார்த்துக் கேட்டார். எழுதினால் என்ன வம்பு வரும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு, சினிமா தியேட்டர், ஓட்டல் என்று பார்க்க வேண்டிய இடம் ஊர் முழுக்கக் கிடந்தது. "போர்டுல உங்க பேருதான இருக்கு? நீங்களே சரி பண்ணி வைங்க, அப்பறம் வாரேன்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார். ஒரு உதையில் அது கிளம்பவில்லை.

அன்று சமையல்கட்டுக்குப் பின்னால் பெலிக்ஸுக்கு இருமல் அடங்க வெகுநேரமாயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் பழனியம்மாள் ஒரு செம்பு சுடுதண்ணீரை நீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற இருமல்தான் அது.

மறுநாள் காலை சுருளிவேல் வந்ததும் அவள் போய் முன்னால் நின்றாள். "மொதலாளி, கருப்பன் எல்லையில நிக்கிற சாமி. வெட்டவெளியில இருக்கவரக் கொண்டாந்து கூரைக்குள்ள, கல்லாப் பெட்டிக்கு மேல மாட்டி வச்சிருக்கம். கண்ட கழுதையும் அவரு பேரச் சொல்லி ஊதுறான். அவரு கோவிச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல."

சுருளிவேல் சட்டத்துக்குப் பயப்படாதவர், கருப்பனுக்குப் பயப்படுவார். அன்றைக்கே பின்பக்கத்து வெட்டவெளியில், வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அரிவாள் ஒன்றைச் சாத்தி, மாலை போட்டாயிற்று. சாமி வெளியே போனதால் சுருட்டும் வெளியே போனது. உள்ளே யாராவது பற்ற வைத்தால் சுருளிவேலே, "சாமி அங்க இருக்கு, இங்க எவனுக்குடா காட்டுற?" என்று விரட்டினார். பெலிக்ஸ் பழனியம்மாளுக்கு நன்றி சொல்ல நினைத்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்தார்.

சுருட்டு போன இடத்துக்கு டம்ளரும் போகும். முதலில் நின்றுகொண்டு குடித்தார்கள். அப்புறம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் மேசையும் போனது. கூடத்தில் காற்று சுத்தமாக இருந்தது, ஆள் இல்லை. பெலிக்ஸ் நான்கு மின்விசிறிகளுக்கு மேற்பார்வையாளராக நின்றுகொண்டிருந்தார். அதுவும் அவருக்குச் சம்மதமாகத்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று பெலிக்ஸ் எல்லாரையும் கும்பிடாத குறையாகக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. சுருளிவேல் வேப்பமரத்தை ஒட்டி நான்கு கம்பு நட்டு நீலத் தார்ப்பாயைக் கட்டினார். சாரல் அடித்தது என்று மூன்று பக்கமும் பாயை இறக்கிவிட்டார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பழைய கூடத்தில் புகைக்கு மேலே போகவாவது இடம் இருந்தது. இங்கே அது தலைக்குமேல் ஒரு முழத்தில் நின்றுகொண்டது.

"பெலிக்ஸ், நீ இங்க நின்னு என்ன செய்யப் போற? இந்த நாற்காலிய எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். கொட்டாய்க்குப் போய் நில்லு" என்றார் சுருளிவேல்.

தனக்குப் புகை ஆகாது என்று இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. நான்சியின் முகம் நினைவுக்கு வந்ததும் விழுங்கிவிட்டு, துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குனிந்து உள்ளே போனார்.

ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆம்லெட் தட்டை அழகர் முன்னால் வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. தட்டு சரிந்தது. கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார். காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. துண்டை உதறி, குப்பியை எடுத்து, அத்தனை பேர் பார்க்க வாயில் வைத்து உறிஞ்சினார்.

மூச்சு கொஞ்சம் வந்த பிறகு அழகர்தான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"உனக்குப் புகை ஆகாதா அப்பு?"

"ஆகாதுண்ணாச்சி."

"எம்புட்டு நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

அழகருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, சொல்லித் தொலைச்சிருந்தா அணைச்சிருப்பமேடா! சட்டம், போர்டு, அபராதம்னு இம்புட்டு நாளா வெளக்கெண்ணெய் பேசிக்கிட்டுத் திரிஞ்சியே, எனக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா? நாங்க என்ன மனுசப்பயலுக இல்லையா?" என்று தன் சுருட்டை மண்ணில் குத்தி நசுக்கினார். ஒருவர் மிச்சம் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். பின்னந்தலையில் ஒன்று விழுந்தது. எல்லாவற்றையும் அணைத்தார்கள். தார்ப்பாயைத் தூக்கிக் கட்டினார்கள். சாரலில் அத்தனை பேரும் நனைந்தபடி உட்கார்ந்து குடித்தார்கள்.

அன்றிலிருந்து அந்த பாரில் புகை இல்லை. பெலிக்ஸ் வருகிறார் என்றால் கொட்டகையில் ஒரு கங்கு தெரியாது. புதிதாக வந்தவன் தீப்பெட்டியை எடுத்தால், "அண்ணனுக்கு ஆகாது, வையி உள்ள" என்று பக்கத்து மேசைக்காரன் சொன்னான். பழனியம்மாள் கருப்பனுக்குச் சுருட்டைப் பற்ற வைக்காமலே வைத்தாள். கருப்பனும் ஒன்றும் சொல்லவில்லை. இளஞ்செழியன் வந்து பார்த்துவிட்டு நம்ப முடியாமல் கொட்டகைக்குள் இரண்டு தரம் நடந்தார். "எப்படிங்க செஞ்சீங்க? ஊர்லயே இந்த ஒரு எடந்தான்" என்று கேட்டார். பெலிக்ஸ் சிரித்துவைத்தார்.

கார்த்திகை பிறந்தபோது ஒரு மத்தியானம் சுருளிவேல் அவரைக் கூடத்துக்குள் கூப்பிட்டார். எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். முதலாளி உட்காரச் சொன்னபோதே பெலிக்ஸுக்குப் புரிந்துவிட்டது.

"உன்னைய நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார் சுருளிவேல். "ஆனா நெலவரத்தப் பாரு. ஒரு இழுப்பு இழுத்தாத்தான் அடுத்த குவார்ட்டர் எறங்கும். உன்னையப் பாத்ததும் அணைச்சிடுறான். அணைச்சவன் செத்த நேரத்துல எந்திரிச்சுப் போயிடுறான். சட்டம் வந்தப்பக்கூட யாவாரம் படுக்கலப்பா. இப்பப் படுத்திருச்சு. உன் மேல எரக்கப்பட்டுச் செய்யுறவன நான் வையவா முடியும்? நீயே சொல்லு."

பெலிக்ஸ் யோசித்துப் பார்த்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நான்சிக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு மொதலாளி."

"தெரியும்ப்பா. கொஞ்ச நாளைக்கு வீட்ல இரு. ஒடம்பத் தேத்திக்கிட்டு வா."

"சரி மொதலாளி" என்றார் பெலிக்ஸ். தேறுகிற உடம்பு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சுருளிவேல் கெட்டவர் இல்லை. முகத்தைப் பார்க்க முடியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெலிக்ஸுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அழகர் மேல் வந்தது. அந்த மனுசன் அன்றைக்கு இரக்கப்படாமல் பேசாமல் ஊதிக்கொண்டிருந்தால், எப்படியாவது தம் கட்டி ஒரு வருடத்தை ஓட்டியிருக்கலாம். இப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

துண்டையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தார். சமையல்கட்டில் பழனியம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே, "போய்ட்டு வாங்கண்ணே" என்றாள்.

கொட்டகையில் அழகரும் இன்னும் நான்கைந்து பேரும் இருந்தார்கள். செய்தி அதற்குள் அங்கே வந்திருந்தது. பற்ற வைக்காத சுருட்டு அழகர் விரல்களுக்கு நடுவில் இருந்தது. எழுந்து வந்து பெலிக்ஸின் தோளைப் பிடித்தார்.

"கேள்விப்பட்டேன் அப்பு. மனசு கேக்கல." பிறகு பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ பையப் போ. நீ இந்தக் கேட்டத் தாண்டி, அந்த ரோட்டு வளைவுல மறையற வரைக்கும் இங்க எவனும் பத்த வைக்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

பெலிக்ஸ் தலையாட்டிவிட்டு நடந்தார். கேட் வரை வருவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்தபடி, சுருட்டையும் பீடியையும் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சொல் தவறாமல் காத்திருந்தார்கள். அழகரின் கையில் தீப்பெட்டி இருந்தது. ரோட்டு வளைவு இன்னும் தூரத்தில் இருந்தது. பதினாறு வருடத்தில் பெலிக்ஸ் குடிக்க வந்தவர்களைக் காக்க வைத்ததே இல்லை. அவர்களுக்காகக் கொஞ்சம் எட்டி நடக்கப் பார்த்தார். முடியவில்லை.